அவசர வாடகை உதவித் திட்டம் (ஐக்கிய அமெரிக்கா)

அவசர வாடகை உதவித் திட்டம் என்பது, கோவிட்-19 பெருந்தொற்றுக் காலத்தில் வாடகை செலுத்த இயலாத குடும்பங்களின் வாடகை நிலுவையை அரசே ஏற்றுச் செலுத்துவதற்காக ஐக்கிய அமெரிக்காவின் கூட்டாட்சி அரசு உருவாக்கிய நிதியுதவித் திட்டம் ஆகும். 2020 டிசம்பரிலும் 2021 மார்ச்சிலும் இயற்றப்பட்ட இரண்டு சட்டங்களின் வழியாக இதற்கு மொத்தம் 4,655 கோடி டாலர் ஒதுக்கப்பட்டது. கூட்டாட்சிக் கருவூலத் துறை இந்நிதியை மாநிலங்களுக்கும் பெரிய உள்ளாட்சிகளுக்கும் பழங்குடி அமைப்புகளுக்கும் பகிர்ந்தளித்தது. அவை விண்ணப்பங்களைப் பெற்று, பெரும்பாலும் வீட்டு உரிமையாளரிடமே பணத்தைச் சேர்த்தன.

வாடகை பாக்கி விழும்போது வாடகைதாரர், வீட்டு உரிமையாளர் இருவருமே பாதிக்கப்படுகின்றனர். வீட்டைக் காலி செய்யச் சொல்வதற்குத் தடை விதிப்பது வாடகைதாரருக்கு அவகாசம் தரும். ஆனால் கடன் அப்படியே இருக்கும். கடனையே தீர்க்க முனைந்தது இத்திட்டம். எனினும் தொடக்க மாதங்களில் பணம் ஒதுக்கப்பட்டிருந்தும் அது உரியவர்களைச் சென்றடையவில்லை. விண்ணப்ப விதிகள் எளிதாக்கப்பட்ட பின்னரே உதவி விரைவு பெற்றது. இந்த அனுபவமே இத்திட்டத்தைப் பற்றிப் படிப்போர் முதன்மையாகக் கவனிக்க வேண்டியதாகும்.

வாடகை நிலுவையின் தன்மை

ஐக்கிய அமெரிக்காவில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேற்பட்ட குடும்பங்கள் வாடகை வீடுகளில் வாழ்கின்றன. வருமானத்தில் 30 விழுக்காட்டுக்கு மேல் வீட்டுச் செலவுக்கே போனால், அக்குடும்பம் வீட்டுச் செலவுச் சுமை உள்ள குடும்பம் என அந்நாட்டு அரசுக் கணக்கில் குறிக்கப்படும். 50 விழுக்காட்டைத் தாண்டினால் அது கடும் சுமை. இத்தகைய குடும்பங்களிடம் சேமிப்பு மிகக் குறைவு. ஒரு மாதச் சம்பளம் நின்றாலே அடுத்த மாத வாடகை பாக்கியாகிவிடுகிறது.

வாடகை வராதபோது உரிமையாளர் முதலில் எழுத்து வடிவில் அறிவிப்புக் கொடுக்கிறார். பின்னர் நீதிமன்றத்தில் வழக்குத் தொடர்கிறார். பெருந்தொற்றுக்கு முன்னர் ஓராண்டில் சுமார் 36 லட்சம் வெளியேற்ற வழக்குகள் பதிவாயின என்று பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தின் வெளியேற்ற ஆய்வகம் மதிப்பிட்டுள்ளது. வழக்கு பதிவானாலே அது வாடகைதாரரின் பெயரில் ஒரு பதிவாக நிற்கும். அடுத்த வீடு தேடிப் போகும்போது புதிய உரிமையாளர் அந்தப் பதிவைப் பார்த்து வீடு தர மறுக்கலாம். வழக்கு தள்ளுபடியாகியிருந்தாலும் இந்தத் தொல்லை நேர்வதுண்டு.

உரிமையாளர் தரப்பிலும் இழப்பு சிறியதன்று. வாடகை வீடுகளின் உரிமையாளர்களில் பெரும் நிறுவனங்கள் மட்டுமன்றி, ஓரிரு வீடுகளை மட்டும் வைத்திருக்கும் தனிநபர்களும் ஏராளமாக உள்ளனர். ஓய்வுக்காலத்தில் ஒரு வீட்டு வாடகையை நம்பி வாழ்பவர்களும் இவர்களில் உண்டு. வாடகை நின்றுவிட்டாலும் வங்கிக் கடன் தவணை, சொத்து வரி, காப்பீட்டுக் கட்டணம், பழுதுபார்ப்புச் செலவு ஆகியவை நிற்பதில்லை. குடியிருப்பவரை வெளியேற்றினாலும் பழைய பாக்கி பெரும்பாலும் வசூலாவதில்லை. வழக்குச் செலவும், வீடு காலியாகக் கிடக்கும் மாதங்களின் இழப்பும் அதனுடன் சேர்ந்துகொள்ளும்.

ஏழைக் குடும்பங்களுக்கு வாடகை மானியம் வழங்கும் கூட்டாட்சித் திட்டங்கள் முன்பே இருந்தன. ஆனால் அவை தகுதியுள்ள எல்லோருக்கும் உரிமையாகக் கிடைப்பவை அல்ல. தகுதியுள்ள குடும்பங்களில் ஏறத்தாழ நான்கில் ஒன்றுக்கே அவை கிடைத்து வந்தன. மற்றவை ஆண்டுக்கணக்கில் காத்திருப்புப் பட்டியலில் இருந்தன. திடீரென வருமானம் இழந்தவருக்கு உடனடியாக உதவும் நாடு தழுவிய ஏற்பாடு எதுவும் இல்லை.

வெளியேற்றத் தடைகள்

2020 மார்ச்சில் பெருந்தொற்று பரவியதும் கடைகளும் உணவகங்களும் விடுதிகளும் மூடப்பட்டன. ஏப்ரல் மாதத்தில் அந்நாட்டின் வேலையின்மை விகிதம் 14 விழுக்காட்டைத் தாண்டியது. வேலையிழந்தவர்களில் வாடகை வீட்டில் குடியிருக்கும் குறைந்த ஊதியத் தொழிலாளர்கள் மிகுதியாக இருந்தனர்.

2020 மார்ச் 27 அன்று கையெழுத்தான கேர்ஸ் சட்டம் முதல் தடையை விதித்தது. கூட்டாட்சி அரசின் வீட்டுத் திட்டங்களுக்கு உட்பட்ட வீடுகளிலும், அரசு ஆதரவு பெற்ற அடமானக் கடன் உள்ள வீடுகளிலும், வாடகை செலுத்தாததற்காக 120 நாள்களுக்கு வெளியேற்ற வழக்குத் தொடரக் கூடாது என்று அது கூறியது. இத்தடை 2020 சூலை 24 அன்று முடிந்தது. பிற வீடுகளில் குடியிருந்தவர்களுக்கு இச்சட்டம் பாதுகாப்பு அளிக்கவில்லை. பல மாநிலங்களும் நகரங்களும் தனித்தனியே தடை உத்தரவுகளைப் பிறப்பித்தன.

பின்னர் நோய்க் கட்டுப்பாடு மற்றும் தடுப்பு மையம், 1944ஆம் ஆண்டின் பொதுச் சுகாதாரப் பணிச் சட்டத்தின் கீழ் நாடு முழுவதற்குமான தடையைப் பிறப்பித்தது. அது 2020 செப்டம்பர் 4 முதல் நடைமுறைக்கு வந்தது. வீடிழந்தவர்கள் உறவினர் வீடுகளிலும் காப்பகங்களிலும் நெருக்கியடித்து வாழ நேர்ந்தால் தொற்று பரவும் என்பது அதற்குச் சொல்லப்பட்ட காரணம்.

இத்தடை தானாகக் கிடைப்பதன்று. வாடகைதாரர் ஓர் உறுதிமொழிப் படிவத்தில் கையெழுத்திட்டு உரிமையாளரிடம் கொடுக்க வேண்டும். வருமானம் வரம்புக்குள் இருப்பது, அரசு உதவி பெற இயன்றவரை முயன்றது, இயன்ற அளவு பகுதி வாடகையாவது செலுத்த முயல்வது, வெளியேற்றப்பட்டால் போக வேறு இடம் இல்லாதது ஆகியவற்றை அவர் அதில் உறுதி கூற வேண்டும். இப்படி ஒரு படிவம் இருப்பதை அறியாமலேயே பலர் வீட்டைக் காலி செய்தனர்.

தடையால் தீராத கடன்

மையத்தின் உத்தரவு வாடகையைத் தள்ளுபடி செய்யவில்லை. வாடகை தொடர்ந்து சேரும் என்றும், ஒப்பந்தப்படி தாமதக் கட்டணமும் விதிக்கலாம் என்றும் அவ்வுத்தரவிலேயே கூறப்பட்டிருந்தது.

இதன் விளைவைச் சிறு கணக்கால் விளக்கலாம். ஒரு குடும்பத்தின் மாத வாடகை 1,200 டாலர் எனக் கொள்வோம். ஆறு மாதங்கள் வருமானம் இல்லாமற்போனால் பாக்கி 7,200 டாலர் ஆகும். ஏழாம் மாதம் மீண்டும் வேலை கிடைத்தாலும், நடப்பு வாடகை 1,200 டாலரைச் செலுத்திய பின் பழைய பாக்கிக்காக மாதம் 200 டாலர் ஒதுக்குவதே அக்குடும்பத்துக்குக் கடினம். அப்படி ஒதுக்கினாலும் பாக்கி தீர மூன்று ஆண்டுகள் ஆகும். ஆனால் தடை விலகிய மறுநாளே முழுத் தொகைக்காகவும் வழக்குத் தொடரலாம். உரிமையாளரோ அந்த ஆறு மாதங்களும் 7,200 டாலர் வரவின்றித் தம் கடன் தவணையைக் கட்டியிருக்க வேண்டும். தடை நீடிக்க நீடிக்க இரு தரப்பின் சுமையும் கூடிக்கொண்டே போனது.

ஆகவே அரசே பாக்கியைச் செலுத்த வேண்டும் என்ற கோரிக்கையை வாடகைதாரர் அமைப்புகளும் வீட்டு உரிமையாளர் அமைப்புகளும் ஒருசேர எழுப்பின. வழக்கமாக எதிரெதிராக நிற்கும் இவ்விரு தரப்பும் ஒன்றுபட்ட அரிய நிகழ்வு இது.

நிதி ஒதுக்கீடு

திட்டம் இரு கட்டங்களாக அமைந்தது.

முதற்கட்டம்: 2020 டிசம்பர் 27 அன்று கையெழுத்தான ஒருங்கிணைந்த நிதி ஒதுக்கீட்டுச் சட்டத்தின்படி 2,500 கோடி டாலர். மக்கள்தொகை அடிப்படையில் இது பகிரப்பட்டது. மக்கள்தொகை குறைந்த மாநிலத்துக்கும் குறைந்தது 20 கோடி டாலர் உறுதி செய்யப்பட்டது. பழங்குடி மக்களின் அமைப்புகளுக்கு 80 கோடி டாலர் தனியே ஒதுக்கப்பட்டது. இரண்டு லட்சத்துக்கு மேல் மக்கள்தொகை கொண்ட நகரங்களும் மாவட்டங்களும் நேரடியாக நிதி பெறலாம்.

இரண்டாம் கட்டம்: 2021 மார்ச் 11 அன்று கையெழுத்தான அமெரிக்க மீட்புத் திட்டச் சட்டத்தின்படி 2,155 கோடி டாலர். இதில் ஒரு மாநிலத்துக்கான குறைந்த அளவு 15 கோடியே 20 லட்சம் டாலர். தேவை மிகுந்த பகுதிகளுக்கு 250 கோடி டாலர் தனியே வைக்கப்பட்டது.

தகுதி

முதற்கட்ட விதிகளின்படி ஒரு வாடகைதாரர் குடும்பம் மூன்று நிபந்தனைகளை நிறைவு செய்ய வேண்டும்.

1. குடும்பத்தில் ஒருவராவது வேலையின்மைப் படி பெறத் தகுதி பெற்றிருக்க வேண்டும். அல்லது பெருந்தொற்றால் வருமானக் குறைவோ பெருஞ்செலவோ வேறு பணநெருக்கடியோ ஏற்பட்டிருக்க வேண்டும்.

2. வீடிழக்கும் நிலையிலோ, நிலையான வீடின்றித் தவிக்கும் நிலையிலோ இருக்க வேண்டும். வாடகை பாக்கிக்கான அறிவிப்புக் கடிதம் இதற்குச் சான்றாக ஏற்கப்பட்டது.

3. குடும்ப வருமானம், அந்த வட்டாரத்தின் இடைநிலை வருமானத்தில் 80 விழுக்காட்டுக்கு மிகாமல் இருக்க வேண்டும்.

இடைநிலை வருமானம் என்பது, ஒரு வட்டாரத்தின் குடும்பங்களை வருமான வரிசையில் நிறுத்தினால் நடுவில் நிற்கும் குடும்பத்தின் வருமானம் ஆகும். அது 70,000 டாலர் எனில் 80 விழுக்காடு 56,000 டாலர். குடும்ப உறுப்பினர் எண்ணிக்கைக்கேற்ப இவ்வரம்பு மாறும். வருமானம் இடைநிலையில் 50 விழுக்காட்டுக்குள் இருப்பவர்களுக்கும், விண்ணப்பத்துக்கு முந்தைய 90 நாள்கள் வேலையின்றி இருந்தவர்களுக்கும் முன்னுரிமை தரப்பட்டது.

2020 மார்ச் 13க்குப் பின் சேர்ந்த பாக்கிக்கு உதவி கிடைத்தது. முதற்கட்டத்தில் 12 மாதங்கள் வரையும், தேவைப்பட்டால் மேலும் 3 மாதங்களும் வாடகை வழங்கலாம். இரண்டு கட்டங்களையும் சேர்த்து 18 மாதங்கள் உச்ச அளவு. முதற்கட்டத்தில், பாக்கி இருக்கும்போது வரும் மாத வாடகையை மட்டும் கொடுக்க இயலாது. பாக்கியையும் தீர்த்தாக வேண்டும். மின்சாரம், எரிவாயு, தண்ணீர் முதலியவற்றின் கட்டண பாக்கிக்கும் உதவி கிடைத்தது.

பணம் சென்ற வழி

வாடகைதாரர் தாமே விண்ணப்பிக்கலாம். வாடகைதாரரின் கையெழுத்துடன் உரிமையாளரும் அவர் சார்பில் விண்ணப்பிக்கலாம். விண்ணப்பம் ஏற்கப்பட்டால் பணம் உரிமையாளருக்குச் செல்லும். மின் கட்டண பாக்கி மின் நிறுவனத்துக்குச் செல்லும். உரிமையாளர் திட்டத்தில் சேர மறுத்தாலோ, தொடர்பு கொண்டும் மறுமொழி தராவிட்டாலோ பணத்தை வாடகைதாரரிடமே கொடுக்கச் சட்டம் இடமளித்தது. ஆயினும் தொடக்கத்தில் பல மாநிலங்கள் இவ்வழியைத் திறக்கவில்லை. உரிமையாளர் ஒத்துழைக்காத வீட்டில் குடியிருந்தவருக்கு, தகுதி இருந்தும் உதவி கிடைக்காமற்போனது.

வரி முறையிலும் ஒரு வேறுபாடு உண்டு. வாடகைதாரருக்கு இவ்வுதவி வருமானமாகக் கருதப்படாது. உரிமையாளருக்கோ, அது வழக்கமான வாடகை வரவைப் போலவே வரிக்குரிய வருமானம்.

தாமதமும் காரணங்களும்

2021 சூலை இறுதி வரை செலவான தொகை சுமார் 510 கோடி டாலர் மட்டுமே. இது இரு கட்ட ஒதுக்கீட்டில் ஏறத்தாழ 11 விழுக்காடு. நாடு தழுவிய தடை முடிவுக்கு வரும் நிலையில் பத்தில் ஒன்பது பங்குப் பணம் அரசு அமைப்புகளிடமே தங்கியிருந்தது. இதற்குப் பல காரணங்கள் உண்டு.

புதிய அமைப்பு: வாடகை பாக்கிக்கு இவ்வளவு பெரிய அளவில் உதவி வழங்கிய முன் அனுபவம் பெரும்பாலான மாநிலங்களுக்கு இல்லை. ஊழியர், கணினி அமைப்பு, தொலைபேசி உதவி மையம் அனைத்தையும் புதிதாக ஏற்படுத்த வேண்டியிருந்தது.

ஆவணச் சுமை: சம்பளச் சீட்டு, வரிக் கணக்கு, எழுத்து வடிவிலான வாடகை ஒப்பந்தம், பணிநீக்கக் கடிதம் எனப் பல ஆவணங்கள் கேட்கப்பட்டன. வீட்டு வேலை, கட்டட வேலை போன்ற நாட்கூலிப் பணிகளில் இருப்பவர்களிடம் சம்பளச் சீட்டு இருப்பதில்லை. வாய்மொழி ஒப்பந்தத்தில் குடியிருப்பவரிடம் வாடகைப் பத்திரம் இருப்பதில்லை. உதவி மிகவும் தேவைப்பட்டவர்களே ஆவணம் குறைந்தவர்களாக இருந்தனர்.

முறைகேடு பற்றிய அச்சம்: பொய் விண்ணப்பங்களுக்குப் பணம் போய்விட்டால் பொறுப்பேற்க நேரிடும் என்று அலுவலர்கள் அஞ்சினர். ஒவ்வொரு விண்ணப்பத்தையும் பலமுறை சரிபார்த்தனர்.

இணையத்தை மட்டும் நம்பியமை: கணினியோ ஆங்கில அறிவோ இல்லாதவர்களும் முதியோரும் இணைய விண்ணப்பத்தை நிறைவு செய்ய இயலாமல் இடையிலேயே விட்டுவிட்டனர்.

உரிமையாளர் தயக்கம்: சில மாநிலங்களின் நிபந்தனைகள் உரிமையாளர்களைத் தயங்க வைத்தன. சிலர் உதவி பெறுவதைவிட, குடியிருப்பவரை வெளியேற்றிக் கூடுதல் வாடகைக்கு விடவே விரும்பினர்.

விதித் தளர்வுகள்

கருவூலத் துறை 2021இல் வழிகாட்டு விதிகளைப் பலமுறை திருத்தியது. ஆகஸ்ட் 25 அன்று வந்த திருத்தம் முதன்மையானது. ஆவணம் இல்லாதபோது விண்ணப்பதாரரின் எழுத்து வடிவிலான உறுதிமொழியையே ஏற்கலாம் என்று அது தெளிவுபடுத்தியது. விண்ணப்பதாரர் வாழும் பகுதியின் சராசரி வருமானத்தைக் கொண்டு தகுதியை மதிப்பிடுவதற்கும், வேறோர் ஏழையர் உதவித் திட்டத்தில் தகுதி பெற்றவரை மறுபடி சோதிக்காமல் ஏற்பதற்கும் வழி இருந்தது. பொய் உறுதிமொழி தருவது குற்றம் என்ற காப்பு தொடர்ந்தது.

செலவு செய்யாத அமைப்புகளிடமிருந்து நிதியைத் திரும்பப் பெற்று, விரைந்து செலவு செய்யும் அமைப்புகளுக்குக் கொடுக்கவும் சட்டம் இடமளித்தது. முதற்கட்ட நிதியில் இந்த மறுபகிர்வு 2021 செப்டம்பர் 30க்குப் பின் தொடங்கியது. நிதியை இழந்துவிடுவோம் என்ற நிலை வந்ததும் மந்தமாக இருந்த சில அமைப்புகள் விரைந்து செயல்பட்டன.

மாநில, நகர அனுபவங்கள்

கலிபோர்னியா: 2021 சனவரியில் இயற்றிய சட்டத்தின்படி, உரிமையாளர் பாக்கியில் 20 விழுக்காட்டை விட்டுக்கொடுத்தால் மீதி 80 விழுக்காட்டை அரசு செலுத்தும். மேலே சொன்ன 7,200 டாலர் பாக்கியில் உரிமையாளருக்கு 5,760 டாலர் கிடைக்கும். 1,440 டாலரை அவர் விட்டுவிட வேண்டும். உரிமையாளர் மறுத்தால் வாடகைதாரருக்கு 25 விழுக்காடு மட்டுமே கிடைக்கும். பல உரிமையாளர்கள் இதற்கு உடன்படவில்லை. 2021 சூனில் சட்டம் திருத்தப்பட்டு, பாக்கி முழுவதையும் அரசே செலுத்தும் என்றானது.

நியூயார்க்: இம்மாநிலம் 2021 சூன் 1 அன்றுதான் விண்ணப்பங்களைப் பெறத் தொடங்கியது. தொடக்கத்தில் பணம் வழங்குவது மிகவும் தாமதமானது. ஆனால் விண்ணப்பம் நிலுவையில் இருக்கும்வரை வாடகைதாரரை வெளியேற்ற இயலாது என்ற பாதுகாப்பை மாநிலச் சட்டம் தந்தது. பணத்தை ஏற்கும் உரிமையாளர் தாமதக் கட்டணத்தைக் கைவிட வேண்டும். ஓராண்டுக்கு வாடகையை உயர்த்தக் கூடாது.

பிலடெல்பியா: இந்நகரம் வழக்குக்கு முந்தைய சமரச முறையை 2020இல் ஏற்படுத்தியது. வாடகை பாக்கிக்காக நீதிமன்றம் செல்லும் முன் உரிமையாளர் இம்முறையில் பங்கேற்க வேண்டும் என்றும், வாடகை உதவிக்கு விண்ணப்பிக்க வேண்டும் என்றும் விதிக்கப்பட்டது. பயிற்சி பெற்ற நடுவர் முன்னிலையில் இரு தரப்பும் பேசி, பாக்கியைச் செலுத்தும் வழியை முடிவு செய்யும். வழக்கே பதிவாகாததால் வாடகைதாரரின் பெயரில் பதிவும் ஏற்படாது. கூட்டாட்சி நீதித் துறையும் 2021 சூனில் மாநில நீதிமன்றங்களுக்குக் கடிதம் எழுதி, இத்தகைய முறைகளை ஏற்கும்படி ஊக்குவித்தது.

உச்ச நீதிமன்றத் தீர்ப்பு

நாடு தழுவிய தடை பலமுறை நீட்டிக்கப்பட்டு 2021 சூலை 31 அன்று முடிந்தது. காங்கிரஸ் உறுப்பினர் கோரி புஷ், தாமும் ஒருகாலத்தில் பிள்ளைகளுடன் வீடின்றிக் காரில் வாழ்ந்தவர். அவர் தடையை நீட்டிக்கக் கோரி நாடாளுமன்றக் கட்டடப் படிகளில் இரவு பகலாகப் போராட்டம் நடத்தினார். ஆகஸ்ட் 3 அன்று, தொற்று மிகுந்த மாவட்டங்களுக்கு மட்டுமான புதிய தடையை நோய்க் கட்டுப்பாட்டு மையம் பிறப்பித்தது.

அலபாமா மாநில வீட்டு மனை முகவர் சங்கம் உள்ளிட்டோர் தொடுத்த வழக்கில் ஆகஸ்ட் 26 அன்று உச்ச நீதிமன்றம் ஆறுக்கு மூன்று என்ற பெரும்பான்மையில் அத்தடையை முடிவுக்குக் கொண்டுவந்தது. புகையிட்டுக் கிருமி நீக்குதல், பூச்சி ஒழிப்பு போன்றவற்றைக் குறிப்பிடும் 1944ஆம் ஆண்டுச் சட்டம், நாடு முழுவதும் வெளியேற்றத்தைத் தடை செய்யும் அதிகாரத்தை மையத்துக்குத் தரவில்லை என்றும், அதற்குக் காங்கிரசின் தெளிவான சட்டம் தேவை என்றும் பெரும்பான்மை நீதிபதிகள் கூறினர். உரிமையாளர்களில் பலர் எளிய வசதி உடையவர்கள் என்பதையும் அவர்கள் சுட்டினர். மாறுபட்ட நீதிபதிகள் நோய்ப் பரவலின் கடுமையை எடுத்துக்காட்டினர்.

விளைவுகள்

தடை நீங்கியவுடன் வெளியேற்றங்கள் வெள்ளமெனப் பெருகும் என்ற அச்சம் அப்போது பரவலாக இருந்தது. அவ்வாறு உடனே நிகழவில்லை. வெளியேற்ற ஆய்வகம் கண்காணித்த பகுதிகளில் 2021ஆம் ஆண்டின் எஞ்சிய மாதங்களில் வழக்குகள் பெருந்தொற்றுக்கு முந்தைய அளவைவிடக் குறைவாகவே இருந்தன. வாடகை உதவி அதே மாதங்களில் விரைவு பெற்றது இதற்கு முக்கிய காரணங்களுள் ஒன்றாகக் கருதப்படுகிறது. நிதி தீர்ந்து பல மாநிலங்கள் விண்ணப்பங்களை நிறுத்தியபின், 2022இல் வழக்குகள் பல பகுதிகளில் பழைய அளவை நெருங்கின.

இரு கட்டங்களிலும் குடும்பங்களுக்காக ஒரு கோடிக்கும் மேற்பட்ட முறை பணம் வழங்கப்பட்டது. உதவி பெற்றவர்களில் பத்தில் எட்டுக்கும் மேற்பட்டோர், இடைநிலையில் பாதிக்கும் குறைவான வருமானம் உடையவர்கள். இரண்டாம் கட்ட நிதியைப் பயன்படுத்த 2025 செப்டம்பர் 30 கடைசி நாளாக வைக்கப்பட்டது.

திட்டத்தின் மீது குறைகளும் கூறப்படுகின்றன. முதல் ஆறேழு மாதத் தாமதத்தில் பலர் வீடிழந்தனர். பக்கத்துப் பக்கத்து மாநிலங்களில் விதிகள் வெவ்வேறாக இருந்தன. ஒருமுறை உதவி என்பதால் வாடகை உயர்வு, வீட்டுப் பற்றாக்குறை ஆகிய அடிப்படைச் சிக்கல்கள் தொடர்ந்தன. கட்டியெழுப்பிய உதவி அமைப்புகள் நிதி தீர்ந்ததும் பல இடங்களில் கலைக்கப்பட்டன.

பிற நாடுகளில்

வாடகை பாக்கிச் சிக்கலை நாடுகள் வெவ்வேறு முறைகளில் கையாண்டன.

ஸ்காட்லாந்து: வாடகைதாரர்களுக்கு வட்டியில்லாக் கடன் வழங்க ஒரு கோடி பவுண்டு நிதியை 2020 டிசம்பரில் தொடங்கியது. வீட்டு உரிமையாளர்களுக்கும் வட்டியில்லாக் கடன் திட்டம் இருந்தது. 2021இல் திருப்பித் தர வேண்டாத மானிய நிதி ஒன்றும் உள்ளாட்சிகள் வழியாக வழங்கப்பட்டது.

வேல்ஸ்: 2020 இலையுதிர் காலத்தில் ஒரு விழுக்காடு வட்டியில் கடன் வழங்கியது. கடன்தொகை நேராக உரிமையாளருக்குச் சென்றது. வாடகைதாரர் ஐந்தாண்டுகள் வரை தவணையில் செலுத்தலாம். 2021இல் இதற்கு மாற்றாக மானியத் திட்டம் வந்தது. ஏற்கெனவே பாக்கியில் இருப்பவருக்கு மேலும் ஒரு கடன் எளிதில் பொருந்துவதில்லை என்பதை இவ்விரு நாடுகளின் மாற்றமும் காட்டுகிறது.

செருமனி: 2020 ஏப்ரல் முதல் சூன் வரையிலான பாக்கிக்காகக் குத்தகையை முறிக்கக் கூடாது என்று சட்டம் இயற்றியது. அப்பாக்கியைச் செலுத்த 2022 சூன் 30 வரை அவகாசம் தரப்பட்டது.

இந்தியா: 2020 மார்ச் 29 அன்று நடுவண் உள்துறை அமைச்சகம் பிறப்பித்த ஆணை, புலம்பெயர் தொழிலாளர் உள்ளிட்ட தொழிலாளரிடம் ஒரு மாத வாடகை கேட்கக் கூடாது என்று கூறியது. உரிமையாளரின் இழப்பை ஈடுசெய்யும் நிதி எதுவும் அவ்வாணையில் இல்லை. அதே நாளில் தில்லியின் அப்போதைய முதலமைச்சர் அரவிந்த் கெஜ்ரிவால், வறுமையால் வாடகை கொடுக்க இயலாதவர்களின் வாடகையை அரசு கொடுக்கும் என்று செய்தியாளர் கூட்டத்தில் அறிவித்தார். அது நடைமுறைக்கு வராததால் வாடகைதாரர்களும் ஒரு வீட்டு உரிமையாளரும் தில்லி உயர் நீதிமன்றத்தை நாடினர். முதலமைச்சரின் வாக்குறுதி செயல்படுத்தத்தக்கது என்று 2021 சூலை 22 அன்று தனி நீதிபதி தீர்ப்பளித்தார். செப்டம்பரில் இரு நீதிபதிகள் அமர்வு அத்தீர்ப்புக்கு இடைக்காலத் தடை விதித்தது.

தமிழ்நாட்டில் 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் உள்ள நில உரிமையாளர், வாடகைதாரர் உரிமைகள் மற்றும் பொறுப்புகள் ஒழுங்குமுறைச் சட்டம், எழுத்து வடிவிலான ஒப்பந்தத்தையும் அதன் பதிவையும் கட்டாயமாக்குகிறது. குடியிருப்புக்கான முன்பணத்துக்கு மூன்று மாத வாடகை என்ற வரம்பையும் வைக்கிறது. வாடகை பாக்கியை வெளியேற்றத்துக்கான காரணங்களுள் ஒன்றாக இச்சட்டம் ஏற்கிறது. பாக்கியைத் தீர்க்க உதவும் நிதி ஏற்பாடு இதில் இல்லை. ஆனாலும் பதிவு பெற்ற ஒப்பந்தம் இருப்பது, இத்தகைய உதவி எப்போதாவது வழங்கப்படும்போது யார் எந்த வீட்டில் என்ன வாடகைக்குக் குடியிருக்கிறார் என்பதை நிறுவ இரு தரப்புக்கும் பயன்படும். அமெரிக்கத் திட்டத்தில் விண்ணப்பங்கள் தேங்கியதற்கு அந்த ஒரு தாள் இல்லாததும் காரணங்களுள் ஒன்று.